மாமி காலியாக வைத்திருந்த ஃபோல்டர்கள்

கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஷமீம் அக்கா எழுதுவது. நான் ஓய்வு பெற்றுவிட்டேன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். முழங்காலும் அதைத்தான் சொல்கிறது. வாய் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை என்பதால், "புதுசா வந்த பசங்களுக்கு நாலு விஷயம் எழுதிக் குடுங்கக்கா" என்று முதலாளி கேட்டதும் உடனே ஒத்துக்கொண்டேன். ஹார்ட் டிஸ்க் மாற்றுவது எப்படி, விண்டோஸ் போடுவது எப்படி என்றெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அதையெல்லாம் நீங்கள் டீ குடிக்கிற நேரத்தில் போனில் பார்த்துக் கற்றுக்கொள்வீர்கள். வீடு வீடாகப் போய்க் கம்ப்யூட்டர் சரி செய்கிற தொழிலில் போனில் கிடைக்காத சங்கதி ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் இந்தக் கதை.

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு, எங்கே போனாலும் முதல் புகார் ஒன்றுதான். "ரொம்ப ஸ்லோவா இருக்கு, கொஞ்சம் சுத்தம் பண்ணிக் குடுங்க." உங்களுக்கு இளம் ரத்தம், கை துறுதுறுவென்று இருக்கும். திறந்து பார்த்தால் வரிசையாகக் காலி ஃபோல்டர்கள். நியூ ஃபோல்டர், நியூ ஃபோல்டர் இரண்டு, நியூ ஃபோல்டர் மூன்று என்று குட்டி போட்டிருக்கும். இவற்றை ஒரே அமுக்கில் துடைத்துவிடும் இலவச சாஃப்ட்வேரும் இருக்கிறது. அமுக்கினால் திரை பளிச்சென்று ஆகிவிடும், வீட்டுக்காரருக்கும் ஏதோ பெரிய வேலை நடந்த மாதிரி இருக்கும். உண்மையைச் சொல்கிறேன், காலி ஃபோல்டரை எடுப்பதால் கம்ப்யூட்டர் ஒரு துளி கூட வேகமாகாது. அதற்கு எடை என்று ஒன்று இருந்தால்தானே இறக்கி வைப்பதற்கு! கண்ணுக்குச் சுத்தமாக இருக்கும், அவ்வளவுதான்.

அதற்காக எடுக்கவே கூடாது என்று சொல்லவில்லை. வேண்டாததை எடுக்கத்தான் வேண்டும். மேற்கு மாம்பலத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் யாரோ இப்படிச் சுத்தம் பண்ணிவிட்டுப் போக, மறுநாள் காலையில் ஸ்கேனர் வேலை செய்யவில்லை. ஸ்கேன் பண்ணியது போய் விழுகிற ஃபோல்டர் ஒவ்வொரு சாயங்காலமும் காலியாகிவிடும். காலியாக இருந்த நேரம் பார்த்து அதையும் துடைத்துவிட்டிருக்கிறார்கள். அது சின்னத் தலைவலி, கொஞ்ச நேரத்தில் தீர்ந்தது. நான் சொல்ல வந்தது வேறு. காலியா இல்லையா என்பது கம்ப்யூட்டருக்குத் தெரியும். வேண்டுமா வேண்டாமா என்பது அந்த வீட்டு மனுஷருக்குத்தான் தெரியும். இதை எனக்குப் புரிய வைத்தது கோமளா மாமி வீட்டில் நடந்த ஒரு விவகாரம்.

கோமளா மாமி மயிலாப்பூரில், கோயில் குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு பழைய அடுக்குமாடியில் முதல் மாடியில் இருந்தார். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கணவர் காலமாகிவிட்டார், ஒரே மகன் ரகு பெங்களூரில். மாமி வீட்டிலிருந்தே ஜாதகப் பரிவர்த்தனை நடத்திக்கொண்டிருந்தார். தரகு வேலை இல்லை. யாருக்கும் பேசி முடித்து வைக்க மாட்டார். பெண் வீடும் பிள்ளை வீடும் ஜாதகத்தையும் போட்டோவையும் இவரிடம் கொடுப்பார்கள். புதிதாக வந்தவற்றை வெள்ளிக்கிழமை தோறும் இரண்டு கட்டாகப் பிரித்து, பெண்கள் ஒன்று, பிள்ளைகள் ஒன்று என்று எல்லா வீடுகளுக்கும் மெயிலில் அனுப்புவார். மேற்கொண்டு அவர்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டியது. இதை ஒரு சேவையாகத்தான் செய்தார். எனக்கோ ராயப்பேட்டை, ஜாதகம் பார்க்கிற வழக்கமே எங்கள் வீட்டில் கிடையாது. அதனால் அங்கே போகும்போதெல்லாம் வாயைத் திறந்து ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பேன்.

மாமியின் ஏற்பாடு இதுதான். ஒவ்வொரு ஜாதகத்துக்கும் ஒரு ஃபோல்டர். மேலே பேர், நட்சத்திரம், ஊர். உள்ளே ஜாதகமும் போட்டோவும். "பேசி முடிச்சுட்டோம் மாமி" என்று போன் வந்த அன்றைக்கே உள்ளே இருப்பதையெல்லாம் நிரந்தரமாக அழித்துவிடுவார். ஃபோல்டரை மட்டும் அப்படியே விட்டுவிடுவார். ஏன் அதையும் எடுத்துவிடக் கூடாது என்று ஒருநாள் கேட்டேன்.

"நிச்சயமான பொண்ணோட போட்டோ எங்காத்துல எதுக்கு இருக்கணும்? அதனால அழிச்சுடறேன். ஆனா பேரு இருக்கணும், ஷமீம். இந்த ஊர்ல ஒரு ஜாதகம் கிளம்பித்துன்னா நிக்கவே நிக்காது. அவளுக்குக் கொழந்தை பொறந்தப்புறம் கூட யாராவது ஒரு பெரியப்பா அனுப்பிண்டே இருப்பார். வந்தா நான் பேரைத் தேடிப் பாப்பேன். காலி ஃபோல்டர் இருந்தா, முடிஞ்சுபோச்சுன்னு அர்த்தம். வந்ததைத் தூக்கிப் போட்டுடுவேன்."

"உங்களுக்கே ஞாபகம் இருக்காதா மாமி?"

"எத்தனை வித்யா, எத்தனை கார்த்திக்! என் ஞாபகத்தை நம்பி ஒருத்தர் கல்யாணத்துல விளையாட முடியுமா?"

அந்தக் காலி ஃபோல்டர்கள் மாமிக்குப் பெரிய பெருமை. மற்றவர்கள் கல்யாண ஆல்பம் காட்டுவது போல எனக்கு அவற்றைத் திறந்து திறந்து காட்டுவார். "பாரு, இதுவும் காலி" என்று சிரிப்பார். எனக்கு அது வேடிக்கையாகவும் இருக்கும், கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கும். என் தொழிலில் காலியான டிஸ்க்கைக் கண்டு யாரும் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

கார்த்திகை மாதம், நல்ல மழை. கடையைத் திறந்து உட்கார்ந்தேன், மாமியிடமிருந்து போன்.

"ஷமீம், உடனே கிளம்பி வா. ஒரு பொண்ணு கல்யாணத்தைக் கெடுத்துட்டேன்."

மாமி பதறுகிற ஆளே இல்லை. திருடன் வந்தால்கூட உட்காரச் சொல்லிக் காபி கொடுத்து விசாரிப்பவர். நான் ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன். மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்டிருந்த ரோட்டில் லஸ் கார்னரைத் தாண்டுவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது.

போய்ப் பார்த்தால் மாமி கம்ப்யூட்டர் முன்னால் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் வெளியே வந்தது. தீபாவளிக்கு வந்த ரகு, அம்மாவுக்கு உபகாரம் பண்ணுவதாக நினைத்து, ஒரு இலவச சாஃப்ட்வேர் போட்டுக் காலி ஃபோல்டர்களையெல்லாம் துடைத்துவிட்டுப் பெங்களூர் போய்விட்டான். மாமி எப்போதும் பேரைத் தேடித்தான் ஃபோல்டரைத் திறப்பார் என்பதால், வரிசை குறைந்தது அவர் கண்ணில் படவே இல்லை. போன வாரம் வித்யா என்ற பெண்ணின் ஜாதகம் வந்தது. தேடினார். ஒன்றும் வரவில்லை. புதிது என்று எடுத்துக்கொண்டு, புது ஃபோல்டர் போட்டு, வெள்ளிக்கிழமை மெயிலில் சேர்த்து ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டார்.

வித்யாவுக்கு ஆவணியிலேயே பேசி முடித்தாகிவிட்டது. பிள்ளை கார்த்திக், தி.நகரில் வீடு. பிள்ளையின் அக்கா வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்று நிச்சயதார்த்தத்தைக் கார்த்திகைக்குத் தள்ளி வைத்திருந்தார்கள். அதற்கு இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. கார்த்திக்கின் அத்தை தன் சொந்தப் பிள்ளைக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தவர். மாமியின் மெயிலில் பெண்கள் கட்டைத் திறந்தவர், தன் பிறந்த வீட்டுக்கு மருமகளாக வரப்போகிறவள் அதில் நிற்பதைப் பார்த்துவிட்டு உடனே கார்த்திக்கின் அம்மாவுக்கு போன் போட்டுவிட்டார். அந்த அம்மா வித்யாவின் அப்பாவைக் கூப்பிட்டு, "எங்களைவிட நல்ல இடம் தேடறேள்னா நேரா சொல்லியிருக்கலாமே. நிச்சயத்தைத் தள்ளி வைப்போம், யோசிச்சுச் சொல்றோம்" என்று வைத்துவிட்டார்.

"வித்யாவுக்கு ஏற்கெனவே ஒரு தடவை நிச்சயம் வரைக்கும் வந்து நின்னுபோச்சு ஷமீம். தாயில்லாப் பொண்ணு. அடையாறுல பிசியோதெரபி கிளினிக்ல வேலை பாக்கறா. மறுபடியும் நின்னா அவ அப்பா தாங்க மாட்டார். அந்த மனுஷர் என்னைத் திட்டக்கூட இல்லை. 'ஏன் மாமி இப்படி ஆச்சு?'ன்னு மட்டும் கேட்டார். திட்டியிருந்தா எவ்வளவோ நன்னா இருந்திருக்கும்."

ஜாதகத்தை அனுப்பியது யார் என்று மெயிலில் பார்த்தேன். வித்யாவின் பெரியப்பா. மாமி சொன்ன அதே பெரியப்பா ரகம்தான். பேசி முடிந்த சேதி எட்டவில்லையோ என்னவோ, பழைய மெயிலை நல்ல எண்ணத்தில் தட்டிவிட்டிருக்கிறார்.

ரகுவுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தோம். "ஆன்ட்டி, எம்ப்டி ஃபோல்டர்தானே? உள்ள ஒண்ணுமே இல்லையே. ஒண்ணுமே இல்லாததை டெலீட் பண்ணா எப்படி எதாவது போகும்?" என்றான். கேட்டால் நியாயமான கேள்விதான். எனக்கு அவன் தலையில் ஒரு குட்டு வைக்க வேண்டும் போலிருந்தது, போனில் குட்டுவதற்கு வசதி இல்லை.

துடைத்தவை ரீசைக்கிள் பின்னிலும் இல்லை. ஆனால் தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் நானே மாமியின் டிஸ்க்கை முழுசாக வெளி டிஸ்க் ஒன்றில் நகல் எடுத்து வைத்திருந்தேன். நகல் எடுக்கும் புரோகிராம்களில் பல, காலி ஃபோல்டர்களைத் தாண்டிப் போய்விடும். நான் எப்போதும் அவற்றையும் சேர்த்துத்தான் எடுப்பேன். கிண்டி தொழிற்பேட்டையில் என் முதல் வேலையில் எனக்கு மேலே இருந்த ஒருவர் கற்றுக்கொடுத்த பழக்கம் அது. "காலி டப்பாவையும் சேத்து எட்துக்கம்மா. அதுல நாளைக்கு இன்னா போடப் போறாங்கோன்னு உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?" என்பார். அவரை அந்த நிமிஷம் மனதார வாழ்த்தினேன். டிஸ்க்கைச் செருகியதும் ஃபோல்டர்கள் வரிசையாக வந்து நின்றன. மாமி வித்யாவைத் தேடினார். நகலில் வித்யாவின் ஃபோல்டர் காலி. கம்ப்யூட்டரில் அதே பேரில், போன வாரம் போட்டதற்குள்ளே ஜாதகமும் போட்டோவும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்ததும் மாமி இன்னும் அதிகமாக அழ ஆரம்பித்துவிட்டார்.

நம்முடைய வேலை இந்த இடத்தில் முடிந்துவிட்டது என்று நினைப்பீர்கள். ஃபோல்டர்கள் கிடைத்தாயிற்று, பில் போட்டுவிட்டுக் கிளம்பலாம். ஆனால் போன மெயில் போனதுதான். தி.நகரில் ஒரு அம்மா கோபமாக உட்கார்ந்திருக்கிறார், அடையாற்றில் ஒரு பெண் வேலையில் கை ஓடாமல் நின்றுகொண்டிருப்பாள். இதற்கு எந்த டிஸ்க்கிலும் நகல் இல்லை.

அப்போதுதான், இன்னும் ஸ்பீக்கரில் இருந்த ரகு சொன்னான். "சிம்பிள் ஆன்ட்டி. வைரஸ்னு சொல்லிடுங்க. வைரஸ் வந்து பழைய மெயிலையெல்லாம் தானா அனுப்பிடுத்துன்னு. நீங்க டெக்னீஷியன், நீங்க சொன்னா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க."

மாமி அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "சொல்லிடலாமா ஷமீம்?"

உங்களுக்கும் இது ஒருநாள் வரும். நம் தொழிலில் வைரஸ் மாதிரி உதவிக்கு வருகிற சாமான் வேறு இல்லை. யார் செய்த தப்பையும் அதன் தலையில் கட்டிவிடலாம், அது கோர்ட்டுக்கு வந்து மறுக்கப் போவதில்லை. பொய் சொல்லி ஒரு பெண்ணுக்கு நல்லது நடந்தால் என்ன கெட்டுப்போகும் என்று எனக்கும் தோன்றியது. வாய் வரைக்கும் வந்துவிட்டது.

பிறகு யோசித்தேன். வைரஸ் என்று நான் சொன்னால் கார்த்திக்கின் அம்மா அத்தையிடம் சொல்வார். அத்தை நாலு பேரிடம் சொல்வார். சாயங்காலத்துக்குள், மாமி வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து பெண்களின் போட்டோவெல்லாம் யார் கைக்கோ போய்விட்டது என்று மயிலாப்பூர் முழுக்கப் பரவிவிடும். எத்தனை அப்பா அம்மாவுக்கு அன்று ராத்திரி சோறு இறங்காது! ஒரு வீட்டைச் சமாதானப்படுத்த இத்தனை வீட்டுக்குப் பயம் காட்டுவதா? தவிரவும், நாளைக்கு ரகுவே யாரிடமாவது உளறி வைத்தால், எங்களோடு சேர்ந்து பொய் சொன்னவர்கள் என்ற பேர் முதலில் வித்யா வீட்டின் மேல்தான் விழும்.

"வைரஸ் வேணாம் மாமி. நடந்ததை நடந்த மாதிரியே போய்ச் சொல்லுவோம். நானும் வர்றேன்."

"நம்பலேன்னா?"

"நம்பலேன்னா அப்புறம் பாத்துக்கலாம்" என்று தைரியமாகச் சொன்னேன்.

மழையில் மாமியை ஸ்கூட்டரில் உட்கார வைக்க முடியாது என்று ஆட்டோ பிடித்தோம். டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "இன்னா மாமி, காலங்காத்தால அயுதுகினு வர்றீங்கோ? ஆஸ்பத்திரிக்கா?" என்றார். "இல்லப்பா, கல்யாண விஷயம்" என்றேன். "அப்போ சரி, அயுகைலாம் சகஜம்தான்" என்று வண்டியை எடுத்தார். மாமிக்கு அதில் லேசாகச் சிரிப்பு வந்தது. எனக்கு அதுவே பெரிய உதவியாக இருந்தது.

தி.நகர் வீட்டில் கார்த்திக்கின் அம்மா சாரதா கதவைத் திறந்தார். உட்காரச் சொன்னார், தான் மட்டும் நின்றுகொண்டே இருந்தார். அப்பா பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார். உள் அறையில் கார்த்திக் ஆபீஸ் மீட்டிங்கில் பேசுவது கேட்டது. நான் லேப்டாப்பைத் திறந்து, டிஸ்க்கைச் செருகி, ஃபோல்டர் வரிசையைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். மாமி ஏன் காலியாக வைப்பார், அவர் பிள்ளை எதைத் துடைத்தான், வித்யாவின் ஜாதகத்தை அனுப்பியது யார், ஒன்றையும் விடவில்லை.

"கம்ப்யூட்டர் மேல பழியைப் போடறது ரொம்ப சுலபம்" என்றார் சாரதா.

"கம்ப்யூட்டர் மேல போடலைம்மா. அது சொன்னதைத்தான் செஞ்சுது. மாமியோட பிள்ளை கேக்காம அழிச்சுட்டாரு. அதான் நடந்தது."

"சரி, பெரியப்பா அனுப்பினார்ங்கறேள். அவா சொல்லாமயா அவர் அனுப்பியிருப்பார்? சொந்தப் பெரியப்பாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது தெரியாதா? அந்தப் பொண்ணுக்கு ஏற்கெனவே ஒண்ணு நின்னு போயிருக்கு. இவா வழக்கமே இதுதானோன்னு எங்களுக்குத் தோணாதா?"

எனக்கு ஏதாவது சொல்லிச் சமாளிக்க நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன். "அது எனக்குத் தெரியாதும்மா. கம்ப்யூட்டர்ல என்ன நடந்துதோ அது மட்டும்தான் எனக்குத் தெரியும்" என்றேன்.

அந்த அம்மா லேப்டாப் பக்கம் விரலை நீட்டினார். "அப்போ எங்க கார்த்திக் பேர்லயும் ஒரு காலி ஃபோல்டர் இருக்கணுமே? ஆவணியிலேயே நானும் போன் பண்ணிச் சொன்னேனே. காட்டுங்கோ பாக்கலாம்."

தேடினேன். இருந்தது. அவரே திறந்து பார்த்தார். உள்ளே ஒன்றும் இல்லை. சோதனையில் நாங்கள் தேறிவிட்டது போல மாமி மூச்சு விட்டார். எனக்கு மட்டும் சட்டென்று வேறொன்று உறைத்தது. ரகு துடைத்ததில் இதுவும் போயிருக்குமே! அப்படியென்றால் கார்த்திக்கின் ஜாதகத்துக்கும் காவல் இல்லாமல்தானே இருந்திருக்கும்?

நான் வாயைத் திறப்பதற்குள் உள் அறைக் கதவு திறந்தது. கார்த்திக் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றியபடி வெளியே வந்தான். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

"அம்மா, ஞாயித்துக்கிழமை பாலவாக்கத்துலேர்ந்து ஒருத்தர் போன் பண்ணாரே, எனக்குப் பொண்ணு குடுக்கறேன்னு. அது எப்படி வந்துது?"

"அது யாரோ எப்பவோ வாங்கின பழைய ஜாதகத்தை வெச்சிண்டு..." என்று ஆரம்பித்த சாரதா பாதியில் நிறுத்திவிட்டார்.

அப்பா பேப்பரை இறக்கினார். "அந்த போன் வித்யாவோட அப்பா காதுக்குப் போயிருந்தா, அவர் நம்மளப் பத்தி என்ன நெனைச்சிருப்பார்?"

மாமி என் போனில் தன் மெயிலைத் திறந்தார். வெள்ளிக்கிழமை அனுப்பிய பிள்ளைகள் கட்டில், மூன்றாவதாக, கார்த்திக். அத்தை பெண்கள் கட்டை மட்டும் பார்த்ததால் இது அவர் கண்ணில் படவில்லை. பாலவாக்கத்துக்காரர் பெண்ணைப் பெற்றவர், அவர் பார்த்தது இந்தக் கட்டைத்தான்.

"இதை யார் அனுப்பினது?" என்றார் சாரதா. குரல் இறங்கியிருந்தது.

மாமி தேடி எடுத்துக் காட்டினார். அனுப்பியிருந்தவர் சாரதாவின் கூடப் பிறந்த தம்பி.

"நீ சொல்லித்தான் அனுப்பினானா?" என்று அப்பா கேட்டார். வெறும் கேள்வியாகத்தான் கேட்டார், மீசைக்குள் ஒரு சிரிப்பு இருந்தது.

"ராமா! அவனுக்கு நிச்சயம் பண்ணது நன்னாத் தெரியும். எதையும் படிக்காம எல்லாத்தையும் எல்லாருக்கும் அனுப்பிண்டே இருப்பான், கடங்காரன்!" சாரதா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. முதலில் அவருக்கு, அப்புறம் கார்த்திக்குக்கு, கடைசியில் மாமிக்கு. எனக்குச் சிரிப்புக்குப் பதில் கண்ணில் தண்ணீர் வந்தது. அன்றைக்கு நான் என்ன பொய் சொல்லியிருந்தாலும் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்க மாட்டோம்.

சாரதா அப்போதே வித்யாவின் அப்பாவுக்கு போன் போட்டார். "சாரதா பேசறேன். நான் அவசரப்பட்டு வார்த்தையை விட்டுட்டேன். மன்னிச்சுக்கோங்கோ. நிச்சயதார்த்தம் சொன்ன தேதியிலேயே நடக்கும்" என்றார். பிறகு வித்யாவின் நம்பரைக் கேட்டு வாங்கி அவளிடமும் பேசினார். "உன் ஜாதகமும் இவன் ஜாதகமும் ஒண்ணா சேர்ந்து ஊர் சுத்திண்டிருக்கு. அது போறும். இனிமே நீங்க ரெண்டு பேரும் சுத்துங்கோ" என்றார். கோபத்தில் எவ்வளவு வேகமோ, சமாதானத்திலும் அந்த அம்மா அவ்வளவு வேகம். எனக்கு அவரைப் பிடித்துப் போய்விட்டது.

திரும்பி வந்ததும் மாமியும் நானும் உட்கார்ந்து எல்லா வீடுகளுக்கும் மெயில் எழுதினோம். என்ன நடந்தது என்பதை மறைக்காமல் சொல்லி, வெள்ளிக்கிழமைக் கட்டுகளை அழித்துவிடச் சொன்னோம். பயந்துகொண்டேதான் அனுப்பினோம். ஒருவர்கூட மாமியைக் கோபிக்கவில்லை, இரண்டு பேர் தங்கள் வீட்டிலும் பேசி முடிந்துவிட்டதைச் சொல்ல மறந்துவிட்டதாக பதில் போட்டார்கள். போனில் ரகுவுக்கு ஒரே குற்ற உணர்ச்சி. இனி எந்த சாஃப்ட்வேரும் கை வைக்காதபடி ஒவ்வொரு காலி ஃபோல்டரிலும் "முடிந்தது" என்று ஒரு சின்ன ஃபைல் போட்டு வைக்கலாம் என்றான். நல்ல யோசனைதான், நானும் சிபாரிசு செய்தேன். மாமி ஒப்புக்கொள்ளவே இல்லை. "அதெல்லாம் வேண்டாம். காலின்னா காலியா இருக்கட்டும். நீ அந்தத் துடைக்கற சனியனை முதல்ல எடு" என்றார். எடுத்தேன். நகலிலிருந்து ஃபோல்டர்களையும் திருப்பிப் போட்டு, கார்த்திக்கின் ஜாதகத்தையும் போட்டோவையும் அழித்தேன்.

ஒரே ஒரு வேலை பாக்கி இருந்தது. கம்ப்யூட்டரில் வித்யாவின் ஜாதகமும் போட்டோவும் இன்னும் உட்கார்ந்திருந்தன. அதை அழிக்க நான் கை வைக்கும்போது வாசலில் மணி அடித்தது. வித்யாவே வந்திருந்தாள். கிளினிக்கிலிருந்து நேராக, பாதி நனைந்து. மாமியைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு திரையைப் பார்த்தாள்.

"அதை நானே அழிக்கட்டுமா?"

நான் எழுந்து நாற்காலியை அவளுக்கு விட்டேன். அவள் முதலில் போட்டோவைத் திறந்தாள். ஸ்டூடியோவில் எடுத்தது, பச்சைப் பட்டு, தலை நிறையப் பூ, இப்போது இருப்பதைவிட வயது குறைவு. சிரிக்கச் சொன்னதால் சிரித்த முகம்.

"முதல் தடவை ஜாதகம் எடுத்தப்போ எடுத்தது. எத்தனை பேர் ஆத்துக்குப் போயிருப்பா இவ! எத்தனை பேர் பாத்துட்டு வேண்டாம்னு கீழ வெச்சிருப்பா!" என்றாள். குரலில் வருத்தம் இல்லை. ரொம்ப தூரம் நடந்து வந்தவள் செருப்பைக் கழற்றும்போது சொல்வது போலத்தான் சொன்னாள்.

இரண்டையும் தேர்ந்தெடுத்து அழுத்தினாள். நிச்சயமாக நிரந்தரமாக அழிக்க வேண்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. அவள் அதை வாய்விட்டுப் படித்தாள். "ஆமாம்ப்பா, நிச்சயமா" என்று சிரித்துக்கொண்டே இன்னொரு தரம் அழுத்தினாள்.

ஃபோல்டர் காலியாயிற்று. மாமி அவள் தலையில் கை வைத்தார். "அவ்வளவுதான்டி கண்ணு. இனிமே உன்னை யாருக்கும் காட்ட வேண்டாம்."

வித்யா அந்தக் காலி ஃபோல்டரை மூடாமல் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். எனக்கு அடையாற்றில் இன்னொரு வீட்டில் வேலை காத்திருந்தது. நான் அவளை அவசரப்படுத்தவில்லை.